பனி பூக்கும் சமவெளி

வானத்திலிருந்து பஞ்சு உதிர்வது போலப் பனி பெய்யும் நாடுகளைப் பற்றி நாம் நூல்களிற் படித்திருக்கிறோம்; படங்களிலும் கண்டிருக்கிறோம். சுவிற்சர்லாந்திலும், காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் குளிர்காலம் வந்துவிட்டால் மக்கள் கால்களிற் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு மலைச்சாரல்களிற் சறுக்கி விளையாடுவர். நம் இலங்கையிற் பனிமழை பெய்வதில்லை. ஆயினும், தை, மாசி மாதங்களின் விடியற்காலையிற் புல்லின் நுனியெல்லாம் வெள்ளையாய் உறைந்து நிற்கும் இடமொன்று நமக்கும் உண்டு. அதுவே ஹோட்டன் சமவெளி. குளிரை அனுபவிக்கவும், மலைக்காட்சி காணவும் குடும்பங்களும் பாடசாலை மாணவர்களும் இப்பருவத்தில் அங்கு செல்கின்றனர். அவ்வாறு செல்வோர் உடலுக்கு ஊறின்றியும், சட்டத்துக்கு மாறின்றியும் எவ்வாறு சென்று வரலாம் என்பதை நாம் கண்டவற்றைக் கொண்டு இங்கு கூற விழைகின்றோம்.

நம் பயணம் றொசல்லவிலே தொடங்கியது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவில் அமைந்த சிறு புகையிரத நிலையம் அது. மேடையில் எம்முடன் காத்திருந்த மூதாட்டி ஒருவர், எங்கே பயணம் என்று விசாரித்தார். கூறினோம். "அம்மாடி! அங்க பனி எலும்பையே குத்துமே. புள்ளைங்களுக்குக் காதுக்குக் கட்டத் துணி எடுத்துக்கிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். ஆயுள் முழுவதும் விடியற்பனியிற் கொழுந்து கொய்தவர் கூறும் அறிவுரையை எவர் தட்டுவர்? பையிலே அடியிற் கிடந்த கம்பளித் தொப்பிகளை அப்போதே எடுத்து மேலே வைத்துக்கொண்டோம்.

வண்டி ஹற்றனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கத்தினுள் நுழைந்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலுள்ள சுரங்கங்களுள் மிக நீளமானது இதுவே. 1884ஆம் ஆண்டிலே ஹற்றன் வரை வந்த இப்பாதை, அடுத்த ஆண்டில் நானுஓயாவையும், 1924இற் பதுளையையும் எட்டியது. சுரங்கத்தின் இருளைத் தாண்டிக் கொட்டகலையின் வெளிச்சத்துக்கு வந்ததும் பிள்ளைகள் ஆரவாரஞ் செய்தனர். தலவாக்கலையை அண்மிக்கும்போது பள்ளத்தாக்கிலே கொத்மலை ஓயா தோன்றியது. அதன் தலைநீர்களுள் ஒன்றாகிய ஆக்ரா ஓயா, நாம் செல்லவிருந்த அச்சமவெளிப் பக்கத்திலிருந்தே வருகின்றது. ஆகவே, நாம் மேலே ஏறிக்கொண்டிருக்க, நாம் காணப்போகும் இடத்து நீர் எமக்கு எதிரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மலைநாட்டுப் புகையிரதப் பயணத்துக்குப் புறப்படுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெருமழைக் காலங்களில் மண்சரிவினால் இப்பாதை தடைப்படுவதுண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'டித்வா' புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. ஆதலின், வண்டி எந்த நிலையம் வரை ஓடுகின்றது என்பதை முன்னரே விசாரித்தறிந்து, அதற்கேற்பப் பஸ் வழியையும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுதலே அறிவுடைமை.

நாம் நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவில் உறவினர் வீட்டில் அன்றிரவு தங்கினோம். காரணம் உண்டு. சமவெளியின் காட்சி காலைப் பொழுதுக்கே உரியது. ஒன்பது, பத்து மணியளவிற் கீழிருந்து மூடுபனி எழுந்து, மலைவிளிம்பு முழுவதையும் திரையிட்டு மறைத்துவிடும். பிந்தி வருவோர் வெண்புகையை மட்டுமே கண்டு மீள்வர். எனவே அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, வாழையிலையிற் பொதிந்த ரொட்டியும் சம்பலும் போத்தலிற் சுடுதேநீருமாக வாகனத்தில் ஏறினோம். அம்பேவெலயைக் கடந்து, பட்டிப்பொலவை அடைந்தோம். இலங்கையிலே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம் பட்டிப்பொலவில் உள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,900 மீற்றர். அங்கிருந்தும், அடுத்த நிலையமாகிய ஒஹியவிலிருந்தும் சமவெளிக்குப் பாதைகள் செல்கின்றன. இரண்டும் நீண்ட ஏற்றங்கள். சிறுவர்களோடு செல்வோர் வாகனம் பேசிக்கொள்வது நன்று.

நுழைவாயிலை அடைந்தபோது பொழுது புலரத் தொடங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கப்படும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் எமது தேசிய அடையாள அட்டைகளைப் பார்த்து, அனுமதிச் சீட்டு வழங்கினார். இலங்கைப் பிரசைகளுக்குக் கட்டணம் சிறிது. வெளிநாட்டவருக்கு அதனிலும் பன்மடங்கு. ஆகையால் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருதல் கூடாது.

அந்தச் சிறு சீட்டைக் கையில் வாங்கியபோது எம் மனம் பழைய நாட்களை எண்ணியது. இம்மலைகளின் காடுகளை வெட்டி, முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நாட்டிய மக்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனேகர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இன்று றொசல்லத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று இவ்வாயிலில் நின்று, 'இந்நாட்டுப் பிரசை' என்ற உரிமையோடு சீட்டு வாங்குகின்றது. முறைப்படி நுழைதல் என்பதைச் சிலர் வீண் தொல்லை எனக் கருதுவர். எமக்கு அது தொல்லையாகத் தோன்றவில்லை.

சமவெளியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து மேலேறும் ஒற்றையடிப் பாதைகள் சில உண்டு. விறகுக்கும் வேறு தேவைகளுக்குமாக முன்னோர் நடந்த பாதைகள் அவை. "சீட்டு எதற்கு? நமக்குத் தெரிந்த வழி இருக்கிறதே" என்று இளைஞர் சிலர் அவ்வழிகளில் ஏற எண்ணலாம். பாதை பழையதாயினும் காடு இன்று தேசிய வனம். அனுமதியின்றி நுழைதல், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். அன்றியும், வாயிலிற் பெயர் பதியாது உள்ளே சென்றவன் வழி தவறினால், அவன் அங்கு இருப்பதை அறிவார் எவருமில்லர், தேடுவாரும் இல்லர்.

வாயிலைக் கடந்ததும் எமது பைகள் சோதிக்கப்பட்டன. பொலித்தீன் பை, பிளாஸ்ரிக் உறை யாவும் விலக்கப்பட்டன. தண்ணீர்ப் போத்தலிற் சுற்றியிருந்த மெல்லிய தாளைக்கூட உரித்தெடுத்தனர். எமது வாழையிலைப் பொதியைக் கண்ட உத்தியோகத்தர் முறுவலித்தார். இச்சோதனையின் காரணத்தைச் சற்று நேரத்திலேயே கண்ணாரக் கண்டோம். வாகனத் தரிப்பிடத்தின் அருகே மரை ஒன்று, கிளைத்த கொம்புகளோடு, மனிதருக்கு அஞ்சாது நின்றது. மரங்களின் தழையையும் புல்லையும் மேயவேண்டிய விலங்கு, பயணிகளின் பைகளை மோப்பம் பிடித்தது. உணவின் மணம் ஏறிய பொலித்தீனை அது விழுங்குமாயின், அது செரியாது வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பசியோடே விலங்கு மெலிந்து மடியும். அன்பினால் ஊட்டும் பிஸ்கற்றும் அதற்கு நன்மை செய்வதன்று. மனிதரிடம் இரந்துண்ணப் பழகிய காட்டு விலங்கு ஒருநாள் முட்டவும் தயங்காது.

அப்போதுதான் கதிரவன் எழுந்தான். எதிரே பரந்த புல்வெளி முழுவதும், இரவோடிரவாக எவரோ உப்பைத் தூவிச் சென்றதுபோல் வெளுத்திருந்தது. பிள்ளைகள் குனிந்து ஊதிப் பார்த்தனர். பாதையோரப் புல்லின் நுனியில் ஒட்டியிருந்த நுண்ணிய பனித்துகள் அவர்களது மூச்சுப் பட்டதும் நீராயிற்று. மேகமற்ற இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துவிடுகின்றது. குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது சரிந்து பள்ளங்களிலே தங்குகின்றது. ஆதலினாலே மேட்டிலுள்ள காட்டைவிடப் பள்ளத்திலுள்ள புல்வெளியிலேயே உறைபனி மிகுதி. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே உறைபனி சில ஆண்டுகளிற் கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. பயணிக்கு இன்பந்தரும் பனி, தொழிலாளியின் வேலையைக் குறைக்கும் பனியுமாகும்.

இச்சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்துள்ளது. பரப்பு 3,160 ஹெக்டயர். சிங்கள மக்கள் இதனை 'மகா எலிய' என்பர். 1834ஆம் ஆண்டளவில் ஆங்கிலப் படையதிகாரிகள் இதனைக் கண்டு, அக்காலத் தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினர். பின்னர் இது வேட்டைக்காரரின் விளையாட்டுத் திடலாயிற்று. ஒருகாலத்தில் இங்கு உலவிய யானைகள் இன்று இல்லை. எனினும் ஒரு நன்மை நிகழ்ந்தது. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். அரசாங்கமும் அதனை ஏற்றது. 1969இல் இச்சமவெளி பாதுகாக்கப்பட்ட வனமாகவும், 1988இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைக்காட்டோடும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமைச் சொத்தாகவும் ஏற்கப்பட்டது.

இத்துணைக் காவலும் எதற்காக? தண்ணீருக்காக. இங்குள்ள குட்டை மரங்களின் உடலெல்லாம் பாசி போர்த்திருக்கின்றது. தவழ்ந்து செல்லும் மேகத்தின் ஈரத்தை அப்பாசி பிடித்து வைக்கின்றது. கரிய மண் அந்நீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் சிறுகச் சிறுக விடுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது. பாதையை விட்டு விலகி நடக்கும் காலடிகள் அந்த மண்ணை இறுக்குகின்றன, பாசி கிழிகின்றது, மழைநீர் ஊறாது வழிந்தோடுகின்றது. தை முதற் பங்குனி வரை புல் உலர்ந்திருக்கும்போது வீசியெறியும் ஒரு சிகரெற்றுத் துண்டு பெருந்தீயை மூட்டக்கூடும். ஆதலினாலேயே புகைத்தலும் தீமூட்டுதலும் இங்கு விலக்கப்பட்டுள்ளன. பூப்பறித்தலும் கூடாது. மூக்கின்மேற் கொம்புடைய ஓணான் ஒன்றைப் பாசிக் கிளையிற் கண்டோம். உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் உயிர் அது. பிள்ளைகள் ஓசையின்றி நின்று பார்த்தனர். அது எம்மைப் பொருட்படுத்தவில்லை.

நடைபாதை வட்டமாகச் சென்று தொடங்கிய இடத்துக்கே மீள்வது. சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். முதியோரும் சிறுவரும் ஆறுதலாக நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம் செல்லும். முதலிற் சிறிய உலகமுடிவு. அதன் பின் பெரிய உலகமுடிவு. அங்கு சமவெளி திடீரென முடிவடைகின்றது. காலடியிலே சுமார் 870 மீற்றர் ஆழம்! கீழே தேயிலைத் தோட்டமொன்று பச்சைப் பாயென விரிந்திருந்தது. அதன் லயங்கள் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தாற் போற் காணப்பட்டன. அங்கிருந்து புகை எழுந்தது. எவரோ காலை உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். தெளிவான நாளில் தென்கடலும் தெரியும் என்பர். அன்று தொடுவானத்தில் ஒரு வெள்ளிக்கோடு கண்டோம்.

இவ்விடத்திற் பெரியோரின் கை சிறுவரின் கையைப் பற்றியிருத்தல் வேண்டும். புல் ஈரமானது, விளிம்புப் பாறை வழுக்குவது, காற்றோ திடீரென உந்துவது. இக்காலத்தில் யாவரிடமும் கைப்பேசி உண்டு. படம் எடுப்பதில் நோக்கம் கொண்டோர் பின்னே எத்தனை அடி நிலம் இருக்கின்றதென்பதை மறக்கின்றனர். 2015ஆம் ஆண்டிலே வெளிநாட்டு இளைஞர் ஒருவர், படமெடுப்பதற்காகப் பின்னோக்கி அடியெடுத்து வைத்துக் கீழே வீழ்ந்தார். பாறைச்சரிவில் நின்ற மரமொன்றிற் சிக்கியமையால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கி அவரை மீட்டனர். அம்மரம் எல்லோருக்கும் வாய்க்குமா? விளிம்பிலிருந்து சில அடி உள்ளே நின்று காண்போருக்கும் காட்சி ஒன்றுதான். அதில் எதுவும் குறைவதில்லை. மூடுபனி சூழ்ந்துவிட்டாற் பாதையிலேயே நின்றுவிடுதல் வேண்டும். அது விலகிய பின்னரே நடக்க வேண்டும்.

குளிரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஹற்றனிலும் இங்கு ஐந்தாறு பாகை குளிர் மிகுதி. கீழ்நாட்டிலிருந்து வருவோர்க்குச் சொல்லவே வேண்டியதில்லை. உலர்ந்த குளிரைவிட ஈரக்குளிரே கொடியது. நனைந்த பருத்தியாடை உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆதலால் ஒரே தடித்த அங்கியைக் காட்டிலும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அணிவதும், மாற்றுடை ஒன்று கொண்டுசெல்வதும் நலம். நடுக்கம் நில்லாது தொடர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ விளையாட்டென்று எண்ணலாகாது. காற்றுப் படாத இடத்தில் அமர்த்தி, ஈர உடையை மாற்றி, போர்த்தி, இனிப்பான சுடுதேநீர் கொடுத்தல் வேண்டும். தாமதியாது உதவியும் நாட வேண்டும். குளிருக்கு மதுவே மருந்து என்பார் சொல்லைக் கேட்கலாகாது. அது தோலின் குருதிக் குழாய்களை விரியச்செய்து, உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். மதுவகைகளை வனத்தினுட் கொண்டுசெல்லுதல் சட்டத்துக்கும் மாறானது. ஆஸ்துமா, இருதய நோய் உடையோர் வைத்தியரைக் கேட்டுப் புறப்படுக. நண்பகல் வெயிலும் இங்கு எளிதன்று. குளிர் காரணமாகச் சூடு உறைக்காவிடினும் தோல் கருகும்.

உலகமுடிவிலிருந்து திரும்பும் வழியிற் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டோம். சுமார் இருபது மீற்றர் உயரத்திலிருந்து பெலிஹுல் ஓயா வெண்ணுரையாக வீழ்ந்துகொண்டிருந்தது. வளவை கங்கையிற் சேரும் நீர் அது. நீராடுதற்கு அங்கு அனுமதியில்லை. வழுக்கும் பாறைகளும் அறியாத ஆழமும் அதற்குப் போதிய காரணங்கள். சுற்றி நின்ற மரங்களில் மகாரத்மலின் செந்நிறப் பூக்கள் மலர்ந்திருந்தன. ஒரு பூவை மட்டும் தலையிற் சூட வேண்டுமென்று சிறுமி ஒருத்தி கேட்டாள். அவளின் பாட்டி, "வேணாம் கண்ணு, நாளைக்கு வர்ற புள்ளைக்கும் பூ இருக்கணும்ல" என்றார். காவலரின் பலகையிலும் அக்கருத்தே எழுதப்பட்டிருந்தது. ஆனால் சிறுமி கேட்டது பாட்டியின் சொல்லைத்தான்.

பாடசாலைகளிலிருந்து மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்து, புறப்படும்போதும் மீளும்போதும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நடக்க, மாணவர் இருவருக்கும் இடையிலேயே நடப்பாராக. சமவெளியிற் கைப்பேசித் தொடர்பு எங்கும் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. மாலை ஆறு மணிக்கு வாயில் மூடப்படும். பிற்பகலில் நடையைத் தொடங்குவோர் இருளில் அகப்படுவர். இரவிற் கூடாரமிட்டுத் தங்க விரும்புவோர், முன்கூட்டியே அனுமதி பெற்று, குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம். சிறுத்தைகள் உலவும் காடு இது.

நண்பகலுக்கு முன் நாம் வாகனத்தை அடைந்தபோது மூடுபனி புல்வெளியை நிறைத்துவிட்டது. மரையும் மறைந்தது. கையிலே கொண்டுசென்ற வாழையிலைகளையும் ஒன்று குறையாது மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

நேயர்களே! தை, மாசி மாதங்களில் வாய்ப்புள்ளோர் ஒருமுறை குடும்பத்தோடு சென்று வாருங்கள். அடையாள அட்டையும் கம்பளியும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். அனுமதிச் சீட்டைப் பெற்று, பாதையிலே நடந்து, கொண்டுசென்றவை யாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கு ஊறும் நீரே தலவாக்கலையைக் கடந்து மகாவலியாகி, நெல்வயல்களுக்கும் மின்சார விளக்குகளுக்கும் உயிரூட்டுகின்றது. நம் முன்னோர் அம்மலைகளில் உழைக்க வந்தனர். நாமோ அவற்றைக் காணவும் செல்கின்றோம். காப்பதும் இனி நம் கடனே.